முதல் நாள் பாரில் எத்தனை கிலோ? புதிதாகப் பளு தூக்குபவர்கள் அடிக்கடி கேட்பவை

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கடைவீட்டு மாடிகளில் இயங்கும் ஜிம்களில், புதிதாக வருகிறவர்களுக்குப் பளு தூக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாரும் கேட்பது எந்த எடையில் ஆரம்பிப்பது என்பதைத்தான். அதையும் அதையொட்டி வரும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பதில்கள் ஒரு சாதாரணத் தொடக்கத் திட்டத்துக்கானவை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளுக்கும் இடையில் ஒரு நாளாவது ஓய்வு. எல்லா நாளும் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) உண்டு. அதோடு ஒரு முறை பெஞ்ச் பிரஸும் (படுத்து மார்பிலிருந்து மேலே தள்ளுவது) ரோவும் (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது), அடுத்த முறை ஓவர்ஹெட் பிரஸும் (நின்று தலைக்கு மேல் தள்ளுவது) டெட்லிஃப்ட்டும் (தரையிலிருந்து எடுத்து நிமிர்வது). ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப். ஐந்து ரெப் ஒரு செட், அப்படி மூன்று செட். டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட்.

நேராகச் சொல்லுங்கள் அண்ணே, ஸ்குவாட்டுக்கு எத்தனை கிலோ?

வெறும் பார். தட்டு எதுவும் வேண்டாம். ரேக்கில் இருக்கும் நீளமான பார் பொதுவாக 20 கிலோ இருக்கும், நீளம் 2.2 மீட்டர். பெண்களுக்கென்று வரும் பார் 15 கிலோ. அதன் பிடி 25 மில்லிமீட்டர் தடிப்புதான், சின்னக் கைகளுக்குச் சுகமாக இருக்கும். அதில் தொடங்கி, உங்களுக்கான எடையை அன்றைக்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

வெறும் பாரில் ஐந்து ரெப், இரண்டு செட் செய்யுங்கள். இடுப்பு மடிப்பு முட்டியைவிடத் தாழும்வரை இறங்க வேண்டும். அது சுலபமாக வந்தால் பக்கத்துக்கு 2.5 கிலோ போட்டு 25. அதிலும் ஐந்து ரெப். இரண்டு நிமிடம் நின்று மூச்சு வாங்கிவிட்டு 30. பிறகு 35. ஒவ்வொரு செட்டிலும் நான் பார்ப்பது ஐந்தாவது ரெப்பை. அது முதல் ரெப்பின் வேகத்திலேயே எழுந்தால் இன்னும் ஏற்றலாம். லேசாக மெதுவானால் அதுதான் உங்கள் எடை. அதே எடையில் இன்னும் இரண்டு செட் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வேகம் குறையும் முன்பே குதிகால் தரையை விட்டு எழும்பினாலோ, முட்டிகள் உள்பக்கம் சாய்ந்தாலோ, முந்தைய எடைக்கு இறங்கிவிடுங்கள்.

ஒரு மாணவிக்கு 25 கிலோவிலேயே குதிகால் தூக்கியது. கால் பலத்தில் குறை இல்லை. தடித்த ஸ்பாஞ்சு அடியோடு வரும் ஓட்டக் காலணி அணிந்திருந்தார், பாரம் ஏறியதும் அது அமுங்கி அவரை முன்னால் தள்ளியது. 20க்கே திரும்பினோம். அடுத்த வகுப்புக்குத் தட்டையான, கெட்டியான அடியுள்ள காலணியில் வந்தார், 30 கிலோ அமைதியாக ஏறி இறங்கியது. முதல் நாள் எடை என்பது பலத்தை மட்டும் வைத்து முடிவாவதில்லை. கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது, முந்தின இரவு எப்படித் தூங்கினீர்கள், காலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் சேரும். எந்த அட்டவணையும் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

என் உடம்பு எடை 85 கிலோ. அதில் பாதி எடையில் ஆரம்பிக்கலாம் என்று நண்பர் சொல்கிறார்.

உங்கள் தராசு காட்டும் எண்ணுக்கும் பாரில் ஏற வேண்டிய எண்ணுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. நாள் முழுக்க லாரி ஓட்டும் 85 கிலோக்காரரும், வாரம் இரண்டு முறை ஃபுட்சால் ஆடும் 85 கிலோக்காரரும் ஒரே இடத்தில் தொடங்க முடியாது.

இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களும் புதியவருக்கு உதவாது. அவற்றில் பரவலாக இருக்கும் சூத்திரம் எப்லி என்பவருடையது. தூக்கிய எடையை, ரெப் எண்ணிக்கையில் முப்பதில் ஒரு பங்கோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 40 கிலோவைப் பத்து முறை தூக்கினால் உச்சம், அதாவது ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய எடை, சுமார் 53 கிலோ என்று வரும். பத்து ரெப்பும் ஒரே மாதிரி தூக்கப் பழகியவருக்கு அது ஓரளவு பொருந்தும். உங்களுக்கு இன்று முதல் ரெப் ஒரு விதம், ஏழாவது வேறு விதம். முதல் மாதத்தில் உச்ச எடையைச் சோதிக்கவும் வேண்டாம். அந்த எண்ணை வைத்து நீங்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை, முதுகில் சுளுக்கு வந்தால் மட்டும் இரண்டு வாரம் போய்விடும்.

பத்துமலை 272 படியை வாரம் இரண்டு முறை ஏறி இறங்குகிறேன். கால் பலம் இருக்குமே, கூடுதல் எடையில் தொடங்கலாமா?

படி ஏறுவது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். செட்டுக்கு இடையில் உங்களுக்கு மூச்சு சீக்கிரம் திரும்பும். ஆனால் படியில் முட்டி கொஞ்சம்தான் மடிகிறது, ஒரு நேரத்தில் ஒரு கால்தான் வேலை செய்கிறது, தோளில் பாரமும் இல்லை. ஸ்குவாட்டில் அடியிலிருந்து எழும் அந்த முதல் ஒரு சாண் தூரம் உங்கள் கால்களுக்குப் புதுசு. மற்றவர்களைப் போலவே வெறும் பாரிலிருந்து ஏறி வாருங்கள். பலம் இருந்தால் அன்றைக்கே 40, 45 வரை தானாகப் போய்விடுவீர்கள்.

வெறும் பாரோடு நிற்க வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் எல்லாரும் 100 கிலோ போடுகிறார்கள்.

இது உண்மையான சங்கடம். இதனாலேயே இரண்டாம் நாள் வராமல் போனவர்கள் உண்டு. கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 30 கிலோவில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏற்றினால், வாரம் மூன்று வீதம் எட்டு வாரத்தில் 24 முறை தூக்குவீர்கள். கடைசி முறை பாரில் இருப்பது 87.5 கிலோ. நடுவில் ஓரிரு முறை தடங்கினாலும் 75ஐத் தாண்டியிருப்பீர்கள். வெட்கப்பட்டு 50இல் தொடங்கினவர் மூன்றாவது வாரக் கடைசியில் 70க்கு வந்து, அங்கே முதுகு வளைந்து, முட்டி உள்ளே போய், நின்றுவிடுவார். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இன்னொரு காரணம் உடம்புக்குள் இருக்கிறது. முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால். தசை அதற்குப் பிறகு தடிக்கிறது, தசைநாண்கள் எல்லாவற்றையும்விட மெதுவாக உறுதியாகின்றன. லேசான வாரங்கள் அந்த மெதுவான பகுதிக்குக் கிடைக்கும் நேரம்.

மற்ற தூக்குகளுக்கும் வெறும் பார்தானா?

பெஞ்ச் பிரஸுக்கு ஆம். அதே முறையில் தேடுங்கள், ஆனால் 2.5 கிலோவாக ஏற்றுங்கள். தனியாகப் படுத்துத் தூக்குவதானால் பக்கத்துப் பாதுகாப்புக் கம்பிகளை மார்பு மட்டத்துக்கு ஒட்டி வையுங்கள். கம்பி இல்லாத பெஞ்சாக இருந்தால், "பாஸ், கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடத் தயங்க வேண்டாம். ஜிம்மில் அதற்கு யாரும் மறுப்பதில்லை.

ஓவர்ஹெட் பிரஸ்தான் சிக்கலானது. தோள் சின்னத் தசை. பல பெண்களுக்கும், மெலிந்த தம்பிகள் சிலருக்கும் 20 கிலோ பார் முதல் நாளே கனமாக இருக்கும். அப்படியானால் 10 கிலோ பார் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கைக்கு 4 அல்லது 5 கிலோ டம்பெல். பாரைத் தலைக்கு மேல் கொண்டுபோக இடுப்பைப் பின்னால் வளைக்க வேண்டியிருந்தால் எடை அதிகம் என்று அர்த்தம், ஐந்து ரெப் முடித்திருந்தாலும் சரி.

டெட்லிஃப்ட்டை வெறும் பாரில் தொடங்க முடியாது. பெரிய தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். தூக்கும் நிலை அந்த உயரத்துக்கு ஏற்றது. சின்ன 5 கிலோ இரும்புத் தட்டு மாட்டினால் பார் தாழ்ந்து போகிறது, நீங்கள் குனிந்து முதுகை வளைத்தே எடுக்க வேண்டிவரும். ரப்பர் தட்டுகள் இருக்கும் ஜிம்மில் 10 கிலோ தட்டும் பெரிய விட்டத்தில்தான் இருக்கும். பக்கத்துக்கு ஒன்று போட்டால் 40 கிலோ, அநேக ஆண்களுக்குச் சரியான தொடக்கம். பெரிய விட்டத்தில் 5 கிலோ ரப்பர் தட்டு இருந்தால் 30 கிலோவில் பெண்கள் தொடங்கலாம். இரும்புத் தட்டு மட்டும்தான் என்றால், பாரின் இரு பக்கமும் தரையில் தட்டுகளை அடுக்கி, அவற்றின்மேல் வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். இந்தத் தூக்கில் எடையைத் தேடும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள், கீழ்முதுகைப் பாருங்கள். கைப்பேசியை முட்டி உயரத்தில், பக்கவாட்டில் வைத்து எடுத்தால் வளைவு தெளிவாகத் தெரியும். முதுகு வளையத் தொடங்கும் எடைக்கு ஒரு படி கீழேதான் உங்கள் முதல் எடை.

ரோ டெட்லிஃப்ட்டைவிடக் குறைவு. 30 கிலோவை உடம்பை ஆட்டாமல் இழுக்க முடிந்தால் அதில் தொடங்குங்கள், இல்லையென்றால் டம்பெல்.

அம்மாவுக்கு 62 வயது. 15 கிலோ பாரே பயமாக இருக்கிறது என்கிறார்.

பார் கட்டாயம் இல்லை. முதலில் ஒரு நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், ஐந்து முறை. அது தடுமாறாமல் வந்தால் ஒரு டம்பெல்லை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே செய்யட்டும். 2 கிலோ, 4 கிலோ என்று போகலாம். வீட்டில் டம்பெல் இல்லையென்றால் 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் 1.5 கிலோ. சில வாரம் கழித்து 5 கிலோ அரிசிப் பை, அப்புறம் 10 கிலோ அரிசிப் பை. மளிகைக் கடையில் வாங்கும் 10 கிலோப் பையைத் தரையிலிருந்து எடுத்து மேடையில் வைக்கத் தெரிந்த ஆன்ட்டிகள் ஏற்கெனவே பாதி டெட்லிஃப்ட் செய்கிறார்கள்.

வயதானவர்களும் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி சொல்கிறது. உங்கள் அம்மாவைக் கூட்டி வரும் முயற்சியைக் கைவிடாதீர்கள்.

இனிப்புநீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுக்கிறேன். எனக்கு எந்த எடை?

நம் வீடுகளில் இது அரிதான கேள்வி இல்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், 29.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு. தசைக்கு வேலை கொடுப்பது இரண்டுக்குமே நல்லது. தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது.

ஆனால் தொடங்கும் முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அழுத்தம் 180க்கு 110ஐத் தொடுகிறது என்றால், மருந்தால் அது இறங்கும்வரை பாரைத் தொட வேண்டாம். கண்ணின் விழித்திரையில் இனிப்புநீர்ப் பாதிப்பு இருப்பதாகச் சொல்லியிருந்தால் கண் மருத்துவர் அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் முக்கித் தூக்கும்போது கண்ணிலும் அழுத்தம் ஏறுகிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்கிளாசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். பையில் இனிப்பு இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லி வையுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

எடையைத் தேடும் முறை அதேதான், மூன்று மாற்றங்களோடு. ஐந்து ரெப்புக்குப் பதில் பத்து ரெப் வரும் லேசான எடை. மூச்சை அடக்கி முக்காமல், எழும்போது வாயால் விடுங்கள். கடைசி ரெப் மெதுவாகும்வரை போகாதீர்கள். இன்னும் நாலைந்து ரெப் கையிருப்பில் இருக்கும்போதே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஏற்றுவது?

ஸ்குவாட்டுக்கு 2.5 கிலோ. டெட்லிஃப்ட்டுக்கு முதல் சில முறை 5, பிறகு 2.5. பெஞ்சுக்கும் ரோவுக்கும் 2.5 போதும், சீக்கிரமே அதுவும் அதிகமாகும். ஓவர்ஹெட் பிரஸுக்கு 1 கிலோ.

ஏன் இந்த வித்தியாசம்? 100 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ என்பது இரண்டரை விழுக்காடு. 20 கிலோ பிரஸில் அதே 2.5 கிலோ பன்னிரண்டரை விழுக்காடு. ஜிம்மில் இருக்கும் மிகச் சின்னத் தட்டு அநேகமாக 1.25 கிலோ, ஜோடியாகப் போட்டால் 2.5. தோளுக்கு அது பெரிய தாவல். அதனால்தான் பெண்கள் பலர் பிரஸில் இரண்டாவது வாரமே நின்றுவிட்டு, தங்களால் முடியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். குறை தட்டில்தான். அரை கிலோத் தட்டு ஒரு ஜோடி இணையக் கடைகளில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 20இலிருந்து 21, 22 என்று போகலாம். புதியவர்கள் முதலில் வாங்க வேண்டியது பெல்ட்டோ கையுறையோ இல்லை, இதுதான்.

ஒரே எடையில் அடுத்தடுத்து மூன்று முறை ஐந்து ரெப் முடிக்க முடியவில்லை என்றால் சுமார் பத்து விழுக்காடு இறக்குங்கள். 60 என்றால் 55க்கு வந்து மறுபடி ஏறுங்கள்.

எடை கூடிய பிறகு வெறும் பார் தேவையில்லைதானே?

தேவை. இப்போது அது சூடேற்ற. 1940களில், போரில் காயம்பட்ட வீரர்களின் கால்களைத் தேற்றும் பணியில் இருந்த அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், எடையைப் படிப்படியாக ஏற்றும் முறைக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார். பிற்பாடு அவரும் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற மருத்துவரும் வகுத்த வடிவத்தில், அன்றைய எடையில் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுது என்று மூன்று செட். இன்றும் சூடேற்ற அதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. இன்று 60 தூக்கப்போகிறீர்களா? வெறும் பார், 30, 45, பிறகு 60. மூன்று நான்கு நிமிட வேலை.

எங்கள் ஜிம்மில் தட்டில் 45 என்று எழுதியிருக்கிறது. ஸ்மித் மெஷினும் உண்டு. எப்படிக் கணக்கிடுவது?

45 என்பது பவுண்டு, 20.4 கிலோ. 25 என்றால் 11.3 கிலோ, 10 என்றால் 4.5 கிலோ. பழைய ஜிம்களில் பவுண்டுத் தட்டும் கிலோத் தட்டும் கலந்து கிடக்கும். ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று போட்டுவிடாதீர்கள்.

ஸ்மித் மெஷினில், அதாவது பார் நிலைக்கம்பிகளோடு மட்டும் ஏறி இறங்கும் மெஷினில், பாரின் எடை மெஷினுக்கு மெஷின் மாறும். அதில் தூக்கிய எண்ணைச் சாதாரண பாருக்குக் கொண்டுவராதீர்கள், புதிதாகத் தேடுங்கள். வீட்டுக்கு வாங்கும் ஒல்லியான பார் 20 கிலோ இருக்காது. குளியலறைத் தராசில் அதைப் பிடித்துக்கொண்டு நின்று, உங்கள் எடையைக் கழியுங்கள்.

மறுநாள் படி இறங்க முடியவில்லை. எடை அதிகமா?

அவசியம் அப்படியில்லை. பழகாத தசை ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை வலிக்கும், அடுத்த முறை பாதியாகும். மூட்டுக்குள் குத்துகிற மாதிரி, ஒரே புள்ளியில், தூக்கும்போதே வருகிற வலி வேறு. அதற்கு நிறுத்த வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் கருத்துப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்பதன் அடையாளம் அது. முதல் நாளே அளவுக்கு மீறி, நூற்றுக்கணக்கில் ரெப் செய்தவர்களுக்கு இது வருவதுண்டு.

தைப்பூச விரதத்தில் இருக்கிறேன். ஒரு வேளைதான் சாப்பாடு. எடையைக் குறைக்கணுமா?

எடையை அப்படியே வைத்துக்கொண்டு செட்டைக் குறையுங்கள். மூன்றுக்குப் பதில் ஒன்றோ இரண்டோ. வாரம் இரண்டு நாள் போதும். ஏற்றுவதை விரதம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். பருப்பு, தெம்பே, தௌஹு, பால், தயிர் என்று உங்கள் விரதம் அனுமதிப்பதில் புரதத்தை அந்த ஒரு வேளையிலேயே நிறைய எடுங்கள். தலை சுற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான். ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து இரதத்தோடு பத்துமலைவரை நடக்கப் போகிறவர்கள், காவடி எடுப்பவர்கள், அதற்கு முந்தைய மூன்று நாளும் ஸ்குவாட் செய்ய வேண்டாம். கால் புத்துணர்ச்சியோடு இருக்கட்டும்.

இடையில் விட்டுப்போனால் மறுபடி எங்கே தொடங்குவது?

ஒரு வாரம் என்றால் கடைசியாகத் தூக்கிய அதே எடை. தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் விட்டிருந்தால் பத்து விழுக்காடு குறைவு. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அறுபது, எழுபது விழுக்காட்டில் தொடங்கலாம். இழந்த எடை முதலில் ஏறியதைவிட வேகமாகத் திரும்பும். மூன்று மாதம், அறுவை சிகிச்சை, பிரசவம் என்றால் மருத்துவர் சரி என்ற பிறகு வெறும் பாரில் தேடுங்கள். இதற்கெல்லாம் கடைசியாக எத்தனை கிலோ தூக்கினீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். தேதி, எடை, ரெப், ஐந்தாவது ரெப் எப்படி எழுந்தது, இந்த நான்கையும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள்.